போலீஸாரின் பிழையும் குடிகளின் பரிகாரமும்

ஒரு தேசத்தின் நீதி எத்தன்மையது என்பதை அறிய அதன் சட்டப் புத்தகங்களை எல்லாம் புரட்டிப் பார்க்க வேண்டுவதில்லை. அதிகாரத்தின் கையால் அடிபட்ட ஏழை யாரிடம் சென்று முறையிடுகிறான்? அம்முறையீட்டைக் கேட்பவர் அடித்தவருக்கு மேலதிகாரியா, அயலாரா? முறையிட்ட பின் அவன் அச்சமின்றி வீடு திரும்புகிறானா? இம்மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தாற் போதும். திருவாரூரில் ஆராய்ச்சி மணி கட்டிய சோழனைத் தமிழ் மக்கள் இன்றளவும் போற்றுவது, அவன் தன் மகனென்றும் பாராது தண்டித்தான் என்பதற்காக மட்டுமன்று. அம்மணியின் கயிறு பசுவின் கொம்புக்கு எட்டும்படி அரண்மனை வாயிலில் தொங்கிற்று. தேரோட்டிய இளவரசனின் கையில் அது இருக்கவில்லை. போலீஸார் விஷயத்தில் நமது நாட்டில் அக்கயிறு யார் கையில் இருக்கிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பழைய விசாரணை ஒன்று

இக்கேள்வி புதியதன்று. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிப்பதற்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் 1854-ஆம் வருஷத்தில் லண்டன் பார்லிமெண்டில் எழுந்தது. அதன்மேல் சென்னைக் கவர்ன்மெண்டார் மூவர் அடங்கிய விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தனர். 1855-இல் அதன் அறிக்கை வெளியாயிற்று. கமிஷனிடம் வந்து சேர்ந்த பிராதுகள் 1,959. உடலின் உறுப்புக்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’, கழுத்தையும் காலையும் கயிற்றாற் பிணைத்து மனிதனைக் குனிந்தபடியே வைத்திருக்கும் ‘அண்ணாந்தாள்’ என்ற சொற்கள் அவ்வறிக்கையின் வாயிலாக ஆங்கிலத்தில் ஏறின. நமது மொழியிலிருந்து அயலார் கடன் வாங்கிய சொற்களில் இவை நாம் பெருமை கொள்ளத்தக்கவை அல்ல.

ஆயினும், கொடுமையின் விவரங்களைக் காட்டிலும் வேறொன்று கமிஷனர்களின் மனத்தை வருத்திற்று. துன்புற்றவன் பரிகாரம் பெறுவது எத்துணை அரிது என்பதே அது. வரி வசூலித்தவர் தாசில்தார். 1816-ஆம் வருஷத்து ரெகுலேஷனின்படி போலீஸ் அதிகாரமும் அவரிடமே இருந்தது. அவருக்கு மேலிருந்த கலெக்டரே ஜில்லா மாஜிஸ்திரேட்டாகவும் விளங்கினார். ஆகவே அடித்தவரிடமோ, அடித்தவரை ஏவியவரிடமோ அன்றி வேறெங்கும் பிராது சொல்ல வழியில்லை. பல நாள் வேலையை விட்டு, பல காத தூரம் நடந்து கச்சேரிக்குப் போகும் குடியானவன், தன் சாட்சிகளையும் தன் செலவில் அழைத்துப் போகவேண்டும்; திரும்பி வரும்போது அதே தாசில்தாரின் ஆட்சியில்தான் வாழவேண்டும். இந்நிலையில் வாய்மூடியிருப்பதே விவேகம் என்று அவன் கருதியதில் வியப்பென்ன?

இவ்வறிக்கையின் பயனாக 1859-ஆம் வருஷத்தில் சென்னை ஜில்லாப் போலீஸ் சட்டம் பிறந்தது. போலீஸ் வேறு, ரெவினியூ வேறு என்று பிரிக்கப்பட்டது. இம்மாதிரியைப் பின்பற்றியே 1861-இல் இந்தியா முழுமைக்குமான போலீஸ் சட்டமும் இயற்றப்பட்டது. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், போலீஸ் உத்தியோகஸ்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றவாளிக்கு விரோதமாக உபயோகிக்கக் கூடாது என்று விதித்தது. வெள்ளையர் சர்க்காரே தம் போலீஸின் கைத்திறனை எவ்வளவு நன்றாக அறிந்திருந்தனர் என்பதற்கு அவ்விதியைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டுவதில்லை. அவ்விதி 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அப்படியே இடம் பெற்றிருக்கிறது.

ஆனால், போலீஸை ரெவினியூவிலிருந்து பிரித்தவர்கள் அதனைக் குடிகளுக்குப் பொறுப்பாக்கினார்களா? இல்லை. போலீஸ்காரன்மீது வரும் பிராதைப் போலீஸ் மேலதிகாரியே விசாரிப்பது என்றாயிற்று. சட்டத்தின்படி செய்த காரியத்திற்காகப் போலீஸார்மீது வழக்குத் தொடர்வதானால் மூன்று மாதத்திற்குள் தொடரவேண்டும், ஒரு மாதம் முன்னதாக நோட்டீஸும் கொடுக்கவேண்டும் என்று காலவரம்பு கட்டப்பட்டது. மறுபுறம், கலகம் நிகழ்ந்த ஊரில் அதிகப்படிப் போலீஸை நிறுத்தி, அச்செலவை அவ்வூராரிடமே வசூலிக்க 1861-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இடம் கொடுத்தது. ஊரார் பிழைத்தால் ஊரார் பணம் கட்டவேண்டும். போலீஸார் பிழைத்தால் பணம் கட்டுவார் ஒருவருமில்லை. அந்நிய ஆட்சியின் தர்மம் இதுவே.

இலாகா விசாரணை என்னும் திரை

அந்நிய ஆட்சி மறைந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்றைய ஏற்பாட்டில், போலீஸ்காரர் ஒருவர் ஒருவனை நியாயமின்றி அடித்தார் என்று வைத்துக் கொள்வோம். பிராது சூப்பரிண்டெண்டிடம் போகிறது. அவர் அதனைத் துணை சூப்பரிண்டெண்டுக்கு அனுப்புகிறார். துணை சூப்பரிண்டெண்டு அதே ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரிடம் அறிக்கை கேட்கிறார். ஊரில் பரபரப்பு மிகுந்தால், குறிப்பிட்டவரை ஆயுதப் படைக்கு மாற்றியதாகவோ, தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்திவைத்ததாகவோ பத்திரிகைகளில் செய்தி வருகிறது. ஜனங்கள் தண்டனை கிடைத்துவிட்டதென்று எண்ணி அடங்கிவிடுகின்றனர்.

இடமாற்றம் தண்டனையன்று, தற்காலிக நிறுத்தமும் தண்டனையன்று. நிறுத்திவைக்கப்பட்டவர் அக்காலத்திலும் பிழைப்பூதியம் பெறுகிறார். குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, வாய்மொழி விசாரணை நடத்தி, அதன் முடிவில் கண்டனமோ, ஊதிய உயர்வு நிறுத்தமோ, பதவி இறக்கமோ, கட்டாய ஓய்வோ, பணிநீக்கமோ விதித்தால்தான் அது தண்டனை. அந்த விசாரணை சர்க்காருக்கும் அதன் ஊழியருக்கும் இடையே நடப்பது. அடிபட்டவன் அதில் கட்சிக்காரன் அல்லன். அழைத்தால் வந்து சொல்லிப்போகும் சாட்சியே. முடிவு என்னவாயிற்று என்பதை அவனுக்கு அறிவிக்க யாரும் கடமைப்பட்டவராக எண்ணுவதில்லை.

கிரிமினல் வழக்கோ எனில், உத்தியோகக் கடமையை ஒட்டிய காரியமென்று சொல்லத்தக்க இடங்களில் சர்க்காரின் முன் அனுமதி வேண்டும். இவ்வனுமதி வருஷக் கணக்கில் வராமற் கிடந்த வழக்கம் ஒன்று இருந்தது. 2023-ஆம் வருஷத்துப் புதிய குற்ற விசாரணை முறைச் சட்டம் 120 நாளைக்குள் முடிவு செய்யவேண்டும், இல்லையேல் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும் என்று விதித்திருப்பது வரவேற்கத்தக்கது. உண்மையை வரவழைப்பதற்காக ஒருவனை அடிப்பது போலீஸ் சட்டப்படி செய்த காரியமாகுமா என்ற வினாவுக்கும் சுப்ரீம் கோர்ட்டு முன்பே விடை கூறியிருக்கிறது. ஆந்திர ராஜ்யத்தில் எழுந்த வேணுகோபால் வழக்கில், சென்னைப் போலீஸ் சட்டத்தின் மூன்று மாதக் காலவரம்பைக் காட்டித் தப்பிக்கப் போலீஸார் முயன்றனர். அடித்தலுக்கும் சட்டக் கடமைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். அடி சட்டத்தின் கரமன்று, அடித்தவனின் கரமே.

சிவில் வழக்கின் அடைபட்ட கதவு

தண்டனை வேறு, நஷ்டஈடு வேறு. அடித்தவர் சிறை செல்வதனால் அடிபட்டவனின் ஒடிந்த கை கூடிவிடாது. இறந்தவனின் குடும்பத்துக்குச் சோறு வந்துவிடாது. ஆகவே சிவில் நியாயஸ்தலத்தில் நஷ்டஈட்டுக்கு வழக்குத் தொடரும் உரிமை உயிரானது. இவ்வுரிமை நம் நாட்டில் அடைந்துள்ள கதி விசித்திரமானது.

1861-இல் கல்கத்தாவில் ஒரு வழக்கு நடந்தது. கித்திர்பூர் கப்பல்துறையில் சர்க்கார் வேலையாட்கள் இரும்புத் துண்டொன்றைச் சுமந்து சென்றபோது, அதன் ஓசையில் மிரண்ட வண்டிக்குதிரை காயமடைந்தது. குதிரையின் சொந்தக்காரராகிய வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியார் 350 ரூபாய் கேட்டு வழக்காடி வெற்றி பெற்றனர். வியாபாரம் போன்ற காரியங்களில் சர்க்கார் நஷ்டஈடு கொடுக்கவேண்டும், இறைமை அதிகாரத்தைச் செலுத்தும் காரியங்களில் கொடுக்கவேண்டுவதில்லை என்ற பாகுபாடு அத்தீர்ப்பிலிருந்து வளர்ந்தது. 1882-இல் ஹரி பாஞ்சி என்பவரின் உப்பு வரி வழக்கில் நமது சென்னை ஹைக்கோர்ட்டு இப்பாகுபாட்டை மிகவும் குறுக்கிற்று. சட்டத்தின் பேரைச் சொல்லிக் குடிகளிடம் செய்யும் காரியம் எதுவாயினும் நியாயஸ்தலம் அதனை விசாரிக்கலாம் என்ற போக்கில் அது சென்றது. அவ்வழியே தொடரப்பட்டிருந்தால் நாட்டின் சரித்திரம் வேறாயிருக்கும்.

சுதந்திரம் வந்த சில வாரங்களுக்குள், 1947 செப்டம்பர் 20-ந் தேதி நள்ளிரவில், அமிர்தசரஸ் நகைக் கடையொன்றின் கூட்டாளி தங்கத்தையும் வெள்ளியையும் விற்பதற்காக மீரட் நகரத்துக்கு வந்தார். போலீஸார் அவரைச் சந்தேகத்தின்பேரில் பிடித்து, நூறு தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தையும் வெள்ளியையும் கைப்பற்றினர். மறுநாள் அவர் ஜாமீனில் விடுதலையானார். வெள்ளி பின்னர்த் திரும்பி வந்தது. தங்கம் வரவில்லை. அதனைக் காவலில் வைத்திருந்த ஹெட்கான்ஸ்டபிள் அதனோடு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். கடைக்காரர் சர்க்கார்மீது சுமார் 11,000 ரூபாய்க்கு வழக்குத் தொடர்ந்தார். கீழ்க்கோர்ட்டில் வென்றார், அலகாபாத் ஹைக்கோர்ட்டில் தோற்றார். 1964 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, போலீஸார் கவனமின்றி நடந்தது உண்மையே என்று ஒப்புக்கொண்டும், கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் இறைமை அதிகாரமாதலின் சர்க்கார் பொறுப்பாளியன்று என்று தீர்ப்பளித்தது. கஸ்தூரிலால் வழக்கு என்பது இதுவே.

குதிரைக்குக் கிடைத்த நீதி மனிதனுக்குக் கிடைக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 300-ஆவது விதி, சர்க்கார்மீது வழக்குத் தொடரும் உரிமையைச் சட்டசபைகள் வேறுவிதமாக ஏற்பாடு செய்யும் வரையில் பழைய நிலைமையிலேயே வைத்திருக்கிறது. அப்பழைய நிலைமையைத் தேடிப் பின்னோக்கிச் சென்றால் 1858-ஆம் வருஷத்துச் சட்டத்தின் வழியாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில்தான் போய் நிற்கிறோம். கம்பெனிமீது எந்த வழக்கு நின்றிருக்குமோ, அந்த வழக்கே இன்றைய சர்க்கார்மீதும் நிற்கும்! இங்கிலாந்தில், மன்னரே நஷ்டஈட்டு வழக்குக்கு உட்பட்டவர் என்னும் சட்டம் 1947-இலேயே நிறைவேறிற்று. கான்ஸ்டபிள்கள் செய்யும் தவறுக்கு அவர்களுடைய தலைமை அதிகாரி பொறுப்பாளி, பணம் போலீஸ் நிதியிலிருந்து கொடுக்கப்படவேண்டும் என்ற சட்டம் 1964-இல் நிறைவேறிற்று. கஸ்தூரிலால் தோற்ற அதே வருஷம்! நம்மை ஆண்டவர்கள் தம் ஜனங்களுக்குக் கொடுத்துக் கொண்ட உரிமையை, நாம் நம் ஜனங்களுக்குக் கொடுக்கத் தயங்குவது எதன்பொருட்டு?

சுப்ரீம் கோர்ட்டாரே இந்நிலைமை திருப்திகரமானதன்று, சட்டசபை தலையிடவேண்டும் என்று அத்தீர்ப்பிற் கூறினர். அதற்கு முன்பே, 1956-இல், சட்டக் கமிஷன் தன் முதல் அறிக்கையில் இதையே வற்புறுத்தியிருந்தது. 1965-லும் 1967-லும் பார்லிமெண்டுக்கு மசோதாக்கள் வந்தன. இரண்டும் சட்டமாகாமலே மறைந்தன.

அரசியல் சட்டம் திறந்த வாயில்

சட்டசபை உறங்கியவிடத்து நியாயஸ்தலங்கள் விழித்தன. பீகாரில் 1968-இல் விடுதலை செய்யப்பட்டும் 1982 வரை பதினான்கு வருஷம் சிறையில் கிடந்த ரூதுல் ஷா என்பவருக்கு, 1983-இல் சுப்ரீம் கோர்ட்டு 35,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. அரசியல் சட்டத்தின் 21-ஆவது விதி உயிரையும் சுதந்திரத்தையும் காக்கிறது. அது மீறப்பட்டால் பணத்தாலாவது பரிகாரம் உண்டு என்ற கொள்கை அன்று வேரூன்றிற்று. ஒரிஸாவில் 22 வயது மகன் போலீஸ் காவலுக்குப் போய் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்ததைப்பற்றித் தாய் நீலாவதி பெஹரா எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1993-இல் அவருக்கு 1,50,000 ரூபாய் கிடைத்தது. அடிப்படை உரிமை மீறப்பட்ட வழக்கில் இறைமை என்ற கேடயம் செல்லாது என்று கோர்ட்டார் அப்போது தெளிவாக்கினர். வங்காளத்துச் சட்ட உதவிச் சங்கத் தலைவர் டி. கே. பாசு 1986-இல் எழுதிய கடிதத்திலிருந்து 1996-ஆம் வருஷத்துத் தீர்ப்புப் பிறந்தது. கைது செய்பவர் பெயர்ச் சின்னம் அணிதல், சாட்சி கையொப்பத்துடன் கைதுக் குறிப்பு எழுதுதல், உறவினருக்கு அறிவித்தல், 48 மணிக்கொரு முறை வைத்தியப் பரிசோதனை செய்தல் முதலிய 11 கட்டளைகள் அதில் அடங்கியவை.

இவை பெரும் பேறுகளே. எனினும் இவ்வாயில் எல்லோருக்கும் எட்டுவதன்று. உண்மையைப்பற்றிக் கடுமையான தகராறு இருக்குமிடத்து ஹைக்கோர்ட்டார் சாட்சி விசாரித்துக் கொண்டிருக்க விரும்பார். சிவில் கோர்ட்டுக்குப் போ என்பர். சிவில் கோர்ட்டிலோ கஸ்தூரிலாலின் நிழல் இன்னும் முற்றும் அகலவில்லை. ஒரு கதவிலிருந்து மறு கதவுக்கு அனுப்பப்படுகிறவன் பெரும்பாலும் கூலிக்காரன்; அவனுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாட்கூலி நஷ்டம்.

யாருடைய பணம்?

இங்கே இன்னொரு கேள்வி எழுகிறது. நஷ்டஈடு கொடுக்கப்படும் பணம் யாருடையது? பொதுப் பொக்கிஷத்திலிருந்து கொடுத்தால் அது குடிகளின் வரிப்பணம். அடிபட்டவனும் உப்புக்கும் புளிக்கும் கொடுக்கும் வரியால் அப்பொக்கிஷத்தை நிரப்பியவனே. அடித்தவரின் சம்பளத்தில் ஒரு காசும் குறையாவிட்டால், அவருக்குப் பாடம் யாது? அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகர சபையார், போலீஸார் பிடியில் உயிரிழந்த ஜார்ஜ் பிளாய்டின் குடும்பத்தாருக்கு 2021-இல் 2 கோடியே 70 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டனர். தொகை பெரிது, ஆயினும் அது நகரத்தாரின் பணம். அந்நாட்டில் வழக்குத் தொடரும் உரிமையை 1871-ஆம் வருஷத்துச் சட்டமே கொடுத்திருக்கிறது. ஆனால் உத்தியோகஸ்தருக்குக் கோர்ட்டுகள் 1967 முதல் வளர்த்துவந்த விலக்குரிமையோ, அவ்வுரிமையின் கூர்மையை மழுக்கிவிட்டது. பணம் கொடுப்பது ஒன்று, பொறுப்பேற்கச் செய்வது மற்றொன்று என்பதற்கு அந்நாடு ஓர் உதாரணம்.

நம் நாட்டில் இதற்கு நல்ல வழி ஒன்று காட்டப்பட்டிருக்கிறது. லக்னோ அபிவிருத்தி அதிகார சபையின் வழக்கில் 1993-இல் சுப்ரீம் கோர்ட்டார் இருபடியான ஏற்பாடு கூறினர். துன்புற்றவனுக்குப் பொது நிதியிலிருந்து உடனே கொடுக்கவேண்டும்; பின்னர் அதனைத் தவறு செய்த உத்தியோகஸ்தர்களிடமிருந்து அவரவர் பங்குப்படி வசூலிக்கவேண்டும். இதில் துன்புற்றவன் காத்திருக்க வேண்டுவதில்லை; தவறியவனும் தப்புவதில்லை.

இவ்வழி தர்மபுரி ஜில்லா வாச்சாத்தியில் செயலுக்கு வந்தது. 1992 ஜூன் 20-ந் தேதி சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி அம்மலையடிக் கிராமத்தில் வனத்துறையினரும் போலீஸாரும் ரெவினியூக்காரரும் புகுந்து செய்த அக்கிரமத்தை எழுதக் கை கூசுகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ந் தேதி தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோயினர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளென்று தீர்மானிக்கப்பட்டனர். அவர்களுள் 84 பேர் போலீஸார். 2023 செப்டம்பர் 29-ந் தேதி சென்னை ஹைக்கோர்ட்டு அதனை ஊர்ஜிதம் செய்து, மானபங்கப்படுத்தப்பட்ட 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கவும், அதிற் பாதியை அக்குற்றம் செய்தவர்களிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டது. நீதி வந்தது, ஆனால் முப்பத்தொரு வருஷம் கழித்து வந்தது. அன்று பள்ளிச் சிறுமியாயிருந்தவள் நடுவயது கடந்து அதனைப் பெறுகிறாள். நீதியின் நடை இவ்வளவு மெதுவாயிருந்தால், அச்சத்துக்கு நீண்ட அரசாட்சி கிடைத்துவிடுகிறது.

கயிறு யார் கையில்?

இவ்வளவுக்கும் மூலம், முதல் முறையீட்டைக் கேட்பவர் யார் என்பதில் இருக்கிறது. 2006 செப்டம்பர் 22-ந் தேதி பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இட்ட ஏழு கட்டளைகளில் ஒன்று போலீஸ் புகார் அதிகார சபைகளைப் பற்றியது. ராஜ்யத்துக்கு ஒன்று, ஜில்லாவுக்கு ஒன்று. அவற்றின் தலைவர்கள் முறையே ஓய்வு பெற்ற ஹைக்கோர்ட்டு அல்லது சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியும், ஓய்வு பெற்ற ஜில்லா நீதிபதியும். அவற்றின் சிபாரிசு சர்க்காரைக் கட்டுப்படுத்தும். இதுவே கட்டளை.

தமிழ்நாட்டில் 2013-ஆம் வருஷத்துப் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் செய்த ஏற்பாடு யாது? ராஜ்ய சபைக்கு உள்துறைச் செயலாளர் தலைவர். போலீஸ் தலைமை அதிகாரி அங்கத்தினர். ஜில்லா சபைக்குக் கலெக்டர் தலைவர். போலீஸ் சூப்பரிண்டெண்டு அங்கத்தினர். நீதிபதி இருக்கவேண்டிய ஆசனத்தில் நிர்வாகி. விசாரிக்கப்படும் இலாகாவின் தலைவரே விசாரணைக் குழுவில்! 1855-இல் கமிஷனர்கள் எந்தக் குறையைக் கண்டு வருந்தினரோ, அதே குறை 2013-இல் சட்டமாக எழுதப்பட்டது. ஆராய்ச்சி மணி இருக்கிறது; கயிறு மட்டும் இளவரசன் கையில்.

இதன் விளைவை 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கண்டோம். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். விசாரணைக்குச் சென்ற மாஜிஸ்திரேட்டு, ஸ்டேஷனிலிருந்த காமிராப் பதிவுகள் தினந்தோறும் தாமே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தன என்று தெரிவித்தார். அவருக்கே அங்கு அவமரியாதை நேர்ந்தது. அத்தாட்சிகளைக் காப்பதற்காக மதுரை ஹைக்கோர்ட்டார் அந்தப் போலீஸ் ஸ்டேஷனை ரெவினியூ உத்தியோகஸ்தர் வசம் ஒப்புவிக்க உத்தரவிட்டனர். சரித்திரத்தின் விளையாட்டைப் பாருங்கள்! ரெவினியூக்காரரின் கொடுமையிலிருந்து குடிகளைக் காக்க 1859-இல் போலீஸ் பிரிக்கப்பட்டது. போலீஸாரிடமிருந்து சாட்சியத்தைக் காக்க 2020-இல் ரெவினியூக்காரர் அழைக்கப்பட்டனர். நம்பத்தக்க மூன்றாவது கை ஒன்றை நூற்றறுபது வருஷமாக நாம் உண்டாக்கவில்லை என்பதே இதன் பொருள்.

போலீஸார் அனைவரும் கொடியவர் என்று கூறுவது நமது நோக்கமன்று. இரவும் பகலும், பண்டிகையும் துக்கமுமின்றி வேலை செய்யும் கான்ஸ்டபிளின் கஷ்டம் நமக்குத் தெரியும். சாத்தான்குளத்திலேயே, தாம் கண்டதை அஞ்சாது மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் ஒரு பெண் ஹெட்கான்ஸ்டபிள். அவரைப் போன்றவர்களுக்கும் அயலார் விசாரணையே பாதுகாப்பு. பொய்ப் பிராதுக்கு ஆளான நல்ல போலீஸ்காரரை இலாகா விசாரணை குற்றமற்றவர் என்றால் ஊர் நம்புவதில்லை. நீதிபதி சொன்னால் நம்பும். மேலும், இலாகா விசாரணையில் கீழ்ப்படியிலுள்ளவர் அகப்படுவதும், ஏவியவர் பதவி உயர்வு பெறுவதும் நடப்பதுண்டு. சுயேச்சையான சபை இரு சாராருக்கும் வேண்டும்.

குடிகள் அறியவேண்டியவை

சட்டம் திருந்தும் வரையில் குடிகள் கையிலுள்ள கருவிகளையேனும் அறிந்திருத்தல் நன்று. அடிபட்டவர் உடனே சர்க்கார் ஆஸ்பத்திரியில் காயச் சான்றிதழ் பெறவேண்டும். ரிமாண்டுக்குக் கொண்டு போகப்பட்டால் மாஜிஸ்திரேட்டிடம் வாய்திறந்து காயத்தைச் சொல்லவேண்டும். அங்கு மௌனமாயிருந்துவிட்டால் பின்னர்ச் சொல்வதைக் கோர்ட்டு ஐயுறும். ஸ்டேஷன்களில் காமிரா வைத்துப் பதிவுகளைப் பல மாதம் காக்கவேண்டுமென்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருப்பதால், அப்பதிவை அழியாமல் வைக்கும்படி எழுத்து மூலம் உடனே கேட்கவேண்டும். மனித உரிமைக் கமிஷனுக்கு ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்யவேண்டும். ராஜ்ய மனித உரிமைக் கமிஷனின் சிபாரிசு சர்க்காரைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை ஹைக்கோர்ட்டின் முழு பெஞ்சு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருப்பது பெரிய பலம். சிவில் வழக்குக்கு, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி இரண்டு மாத நோட்டீஸ் வேண்டும். சட்ட விரோதக் காவலுக்கும் பொய் வழக்குக்கும் நஷ்டஈடு கேட்கும் காலவரம்பு ஒரு வருஷமே. வருஷம் கழிந்தபின் வக்கீலிடம் போவோர் பலர். அவர்களுக்காக இரங்குவதன்றி வேறு செய்வதற்கில்லை.

செய்யவேண்டுவன

சர்க்காரை நாம் கேட்பவை மூன்றே. முதலாவது, போலீஸ் புகார் அதிகார சபைகளுக்கு நீதிபதிகளே தலைவராகவும், புலன் விசாரணைக்கு அச்சபைகளுக்கென்றே தனி ஆட்கள் இருக்கவும் தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்படவேண்டும். பிராது கொடுத்தவனுக்கு முடிவும் அதன் காரணமும் எழுத்தில் அறிவிக்கப்படவேண்டும். இரண்டாவது, 300-ஆவது விதி இடங்கொடுக்கிறபடி, சர்க்கார் ஊழியரின் தவறுக்குச் சர்க்கார் நஷ்டஈடு கொடுக்கும் கடமையைத் தெளிவாக விதிக்கும் சட்டம் வேண்டும். பார்லிமெண்டு தாமதித்தால் நமது சட்டசபை தன் ஊழியர் விஷயத்திலேனும் முந்திக் கொள்வதற்குத் தடையில்லை. மூன்றாவது, கொடுத்த நஷ்டஈட்டைத் தவறு செய்தவரிடமும், அறிந்திருந்தும் தடுக்காத மேலதிகாரியிடமும் வசூலித்து, வருஷந்தோறும் அக்கணக்கைச் சட்டசபையின்முன் வைக்கவேண்டும். எத்தனை பிராதுகள் வந்தன, எத்தனை விசாரிக்கப்பட்டன, எவ்வளவு கொடுக்கப்பட்டது, எவ்வளவு வசூலாயிற்று என்ற நான்கு எண்கள் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அந்த ஒரு பக்கத்தை அச்சிட அஞ்சும் சர்க்கார் எதனை மறைக்க விரும்புகிறது என்று ஜனங்கள் கேட்பார்கள்.

சுயராஜ்யம் என்பது கொடியும் கோட்டையும் மாறுவது மட்டுமன்று. கம்பெனியின் காலத்துக் குடியானவனுக்கு அடித்தவனிடமன்றி வேறிடத்தில் முறையிட வழியில்லாதிருந்தது. இன்றைய பிரஜைக்கு அவ்வழி இருக்கவேண்டும். அது அருகில் இருக்கவேண்டும். அச்சமின்றிப் போய்த் திரும்பத்தக்கதாய் இருக்கவேண்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. தன்னைத் தான் விசாரித்துக் கொள்ளும் சௌகரியத்தை விட்டுக்கொடுக்கும் மனம் ஒன்றே வேண்டும். சட்டசபையார் அம்மனம் கொள்வார்களாக. கொள்ளும்வரை ஜனங்கள் கேட்பதை நிறுத்தாதிருப்பார்களாக.